ஏற்கப்பட்ட கைப்பிரதி

டுலூத், பிப்ரவரி. ஏரி இறுகிக் கிடக்கிறது.
துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பல்கள்
மார்ச் கடைசிவரை அசையப்போவதில்லை.
என் திரையிலும் ஒன்று அசையவில்லை:
பேராசிரியர் ப்ரிஸ்பாவின் மானியப் புதுப்பிப்பு.
முப்பத்தொரு கட்டுரைகள். முப்பது பச்சை.
ஒன்று சிவப்பு.

பொதுப்பணத்தில் விளைந்தது
பொதுவில் கிடைக்கவேண்டும்.
விதி அவ்வளவுதான். மீதி நாற்பது பக்கம்
அதை எப்படிச் செய்வது என்பதற்கு.

அச்சான பக்கத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது.
அந்த எழுத்துரு, இரட்டைப் பத்தி, மூலையிலிருக்கும் சின்னம்
எல்லாம் பதிப்பகத்தின் சொத்து.
மதிப்பீட்டாளர்கள் கேட்டதெல்லாம் திருத்தி
ஏற்றோம் என்று இதழ் சொன்ன நாளுக்கும்
பக்கம் அமைப்பவர் கை வைத்த நாளுக்கும் நடுவில்
ஒரு வாரமோ பத்து நாளோ உயிரோடிருந்த கோப்பு,
அதுதான் வேண்டும்.
யாரும் எடுத்து வைக்காத கோப்பு.

"எங்கேயாவது இருக்கும், மார்லிஸ்," என்கிறார் ப்ரிஸ்பா,
கார் சாவி தொலைத்தவர் போலச் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு.
எழுதியவன் காலே ரன்டாலா.
ஆராய்ச்சியை விட்டு மூன்று வருடமாகிறது.
ஹோட்டன் பக்கம் எங்கோ
பனி வாரும் வண்டி ஓட்டுகிறானாம்.

நவம்பரில் ஒரு தொலைபேசி வந்தது.
சுரங்க ஊரிலிருந்து திருமதி சுபன்சிச்.
"ஒரு நாள் படிக்க நாற்பத்திரண்டு டாலர் கேட்கிறது.
என் புருஷனின் நுரையீரல் அதற்குள் இருக்கிறது.
எட்டிப் பார்க்க நான் வாடகை கொடுக்கவேண்டுமா?"

சந்தா எங்களிடம் இருக்கிறது.
ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது.
உரிம ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவைச் சொல்லி
போனை வைத்தேன்.
அன்றைக்குச் சாப்பிட்ட சூப் இன்னும் நினைவிருக்கிறது.

காலே ஒரு நள்ளிரவில் ஏழு கோப்புகள் அனுப்பினான்.
இறுதி. இறுதி இரண்டு. ப்ரிஸ்பா பார்த்த இறுதி.
உண்மையிலேயே இறுதி.
கடவுளே இறுதி.
இதழின் கடிதத்தில் இருந்த தேதியோடு
ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்த்தேன்.
கடவுளே இறுதிதான்.

ஓரத்தில் இன்னும் இரண்டு குறிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன.
ப்ரிஸ்பா: பதினேழாம் ஆளை எடுத்துவிடலாமா?
இரண்டாவது ஸ்கேனுக்கு அவர் வரவில்லை.
காலே: வரவில்லை இல்லை, இறந்துவிட்டார். இருக்கட்டும்.

ஏற்றுவதற்கு முன் ஓரக்குறிப்புகளை நீக்கவேண்டும்.
நீக்கினேன்.
இரண்டாவதை நீக்கக் கொஞ்சம் நேரமானது.

ஆசிரியர்களில் ஒருவர் ஒப்புதல் அழுத்தவேண்டும்.
ப்ரிஸ்பாவுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது.
காலே வண்டியை ஓரங்கட்டி,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
போனில் அழுத்தினானாம். அவனே எழுதியிருந்தான்,
"இங்கே முழங்கால் வரை பனி" என்ற வரிக்கு அடுத்து.
மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு ஒப்புதல்.
பிறகு ஓர் எண் வந்தது, தபால் பெட்டி எண் மாதிரி
எந்த அழகும் இல்லாமல்.

"பச்சை ஆகிவிட்டதா?" என்று கேட்டார் ப்ரிஸ்பா.
ஆகிவிட்டது என்றேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பரில் குறித்து வைத்த எண்ணைத் தேடி
திருமதி சுபன்சிச்சுக்கு நானே சொன்னேன்.
காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று.
நன்றி சொல்லவில்லை. சொல்வார் என்று
நான் ஏன் நினைத்தேனோ.

நான்கு நாள் கழித்து அழைத்தார்.
பனி உடைக்கும் படகு அன்றுதான் புறப்பட்டிருந்தது,
சன்னல் கண்ணாடி வரை அதன் முறுமுறுப்பு.
"முழுக்கப் படித்தேன்," என்றார்.
"முக்கால்வாசி புரியவில்லை. அது போகட்டும்.
பதினோராம் பக்கத்து அட்டவணையில்
ஒரு வரிசைக்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருக்கிறதே,
அது என்ன?"

பெயர் தெரியாதபடிதான் எண் கொடுக்கிறார்கள்.
எனக்கும் தெரியாது, தெரியக்கூடாது.
மறுமுனையில் அவர் மூச்சு.

கொஞ்சம் இருங்கள் என்றேன்.
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
பதினோராம் பக்கத்தைத் திறந்தேன்.